முடியாது அண்ணனின் வலது கை

மலாக்காவிலேயே வாடிக்கையாளரை எதிரியாக நினைத்துத் தொழில் நடத்தியவர் எங்கள் காஜா பெராங் வட்டாரத்து முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பார். அதனால் அவர் 'முடியாது அண்ணன்'. சினிமா நடிகர் மாதிரி முன்னால் சுருட்டிவிடச் சொன்னால், "முடியாது. உன் மண்டைக்கு அது ஆகாது" என்று தன் இஷ்டப்படி வெட்டி அனுப்புவார். கண்ணாடியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் அவருடைய சிறுநீரகம் ஒன்றைக் கட்டியோடு எடுத்தார்கள். தையல் பிரித்த மறுநாளே கடை திறந்துவிட்டார். சில மாதம் கழித்து, மலாய் பேசும் சிட்டி பாபா ஒருவருக்குப் பாதித் தலை வெட்டியிருந்தபோது துணியை உதறினார். மளுக்கென்று சத்தம். வலது மேல்கை எலும்பு ஒடிந்து கை தொங்கியது. பாபா பயந்து எழுந்தார்.

"டுடோக் லா, பாபா. பாதியில விட முடியாது."

பாபாவை உட்காரவைத்து மிச்சத்தை இடது கையால் வெட்டினார். பாபா இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தார்.

நான் அப்போது நில அலுவலகத்தில் இங்கிலீஷில் கணக்கெழுதும் கிராணி. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார். வெள்ளைக்கார டாக்டர் நீளமாகப் பேசினார். "எலும்புல கொஞ்சம் கோளாறாம்ணே" என்றேன்.

"கேன்சர்னு அவரு நாலு தடவ சொன்னாரு. நீ ஒரு தடவகூட சொல்லல. ஒழுங்கா சொல்லு தம்பி."

சொன்னேன். சிறுநீரகத்துப் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது, குணமாக்க வழியில்லை. கையை எடுத்துவிடலாம். இல்லையென்றால் அரித்த இடத்தைச் சுரண்டிவிட்டு, எலும்புக்குள் எஃகுக் கம்பி செருகலாம். வலி குறையும், ஆனால் தோளுக்கு மேல் கை எழாது. எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அண்ணன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கைய எடுக்க முடியாது. கம்பிய போடச் சொல்லு. நாள நான் பாத்துக்கிறேன்."

போட்டார்கள். மூன்றாம் மாதம் கடைக்குப் போனால், நாற்காலி தரையோடு கிடந்தது. கை மேலே எழாததால் தலைகளைக் கீழே இறக்கியிருந்தார்.

"அவங்க கைய வெட்டலாமான்னாங்க. நான் நாற்காலி கால வெட்டிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மெர்டேக்காவுக்கு முதல் நாள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. ஆறடிப் போலீஸ்காரர் ஒருவர், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தவர், அண்ணன் வலியில் பல்லைக் கடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"நாளைக்கு வரட்டுமாண்ணே?"

"நாளைக்கு நாட்டுக்கு சுதந்திரம். இன்னிக்கு உன் தலை என் கையில. ஆடாம இரு."

மறு வருஷம் படுத்துவிட்டார். தொந்தரவு தரவேண்டாமென்று பண்டார் ஹிலிர் பக்கம் வேறொரு கடையில் முடி வெட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன்.

"எவன்கிட்ட போன?"

கட்டிலோரம் தரையில் உட்காரச் சொன்னார். அண்ணி கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். என் காதோரம் மூன்றே வெட்டு. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்பதான் மனுஷன் மாதிரி இருக்க."

அந்த வாரமே போய்விட்டார். அலுவலகத்தில் மேலதிகாரி எத்தனை தடவை கண்டித்தும், முடி வளர்ந்து காதை மூடும்வரை நான் யாரிடமும் தலையைக் கொடுக்கவில்லை.