தொலைபேசியில் வந்த ஞானக்கண்

வாருங்கள் தோழர்களே, வந்து பாருங்கள்! கடல் கடந்து, கணிப்பொறி கற்று, கார் இரண்டும் வீடு ஒன்றும் கண்ட தமிழினம், 2007ஆம் ஆண்டில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில், ஒரு தொலைபேசிப் பெட்டியின் முன் கைகூப்பி நிற்கும் கோலத்தை! பெட்டிக்குச் சந்தனப் பொட்டு. ஸ்பீக்கருக்குச் சாமந்தி மாலை.

டெக்சாஸ் பேர்லேண்டில் வீற்றிருந்தார் குமாரசாமி அடிகள். சனிக்கிழமை காலை நியூ ஜெர்சி நேரம் ஒன்பது மணிக்குக் கான்ஃபரன்ஸ் காலில் வந்து, ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள பக்தர்களின் அந்தரங்கத்தை அப்படியே சொல்லுவார். கலிபோர்னியாவின் சன்னிவேலில் அப்போது மணி ஆறு. வேலைக்குக்கூட அந்நேரம் எழாதவர்கள் அருளுக்கு எழுந்தார்கள். "உனக்குக் கிரீன் கார்டு தாமதமாகிறது" என்றார் ஒருவரிடம். லைன் முழுவதும் மெய்சிலிர்த்தது. தாமதமாகாதவன் எவன் என்று கேட்க ஒரு வாய் இல்லை.

எட்டரைக்கே லைனில் சேர்ந்து மௌனமாகப் பிரார்த்திக்க வேண்டும் என்பது அடிகளின் கட்டளை. நாற்பது தமிழ்க் குடும்பங்கள் ஒரே லைனில் கூடி மௌனமாகவா இருக்கும்? மகன் படிப்பு, மாமியார் சண்டை, மச்சினன் விவாகரத்து, உடல் உபாதை, அத்தனையும் அந்த அரைமணியில் ஓடும். யார் சேர்ந்தாலும் விலகினாலும் 'டிங்' என்று ஓர் ஒலி கேட்கும். ஒன்பது மணி டிங் அடிகளுடையது. உடனே வாய்கள் மூடும், ஞானக்கண் திறக்கும்.

அந்த மான்மவுத் ஜங்ஷன் வீட்டுக்காரர் சேனாபதியின் உத்தியோகம் என்ன தெரியுமா? கான்ஃபரன்ஸ் கால் மென்பொருள் எழுதுவது. தான் கட்டிய கருவியிலேயே கடவுளைக் கண்ட பொறியாளர்!

அவர் தங்கை வான்மதி பல்கலைக்கழக ஆய்வாளர். ஆப்பிரிக்காவில் சமயமும் மின்னணு ஊடகமும் கைகோத்த கதையை ஆராய, கானாவில் ஈராண்டு இருந்து வந்தவள். பக்தர்களின் வேண்டுதலைக் குறுஞ்செய்தியில் வாங்கி, உதவியாளர் படித்துச் சொல்ல, 'ஆண்டவர் காட்டினார்' என்று வானொலியில் அதையே திருப்பிச் சொன்ன ஒரு போதகரைப் பற்றி, அண்ணன் வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த சேனாபதி இரக்கப்பட்டார்.

"பாவம் அம்மிணி அவங்க. எஜுகேஷன் கம்மி. எதைச் சொன்னாலும் நம்பிருவாங்க."

சொல்லிவிட்டு, ஸ்பீக்கரின் மாலை வாடிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

வான்மதி சிரித்திருப்பாள். ஆனால் அண்ணி கண்மணியின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அதிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பதாக இருந்தது. கழுத்தில் ஊசியும் கத்தியும் படக்கூடாது, ஆறு மாதப் பூஜையில் கட்டி கரையும் என்று அடிகள் அருளிவிட்டார். கண்மணி அப்பாயிண்ட்மெண்ட்டைக் கேன்சல் பண்ணப் போனாள்.

"கட்டி இருக்குதுன்னு நான் சாமிகிட்டச் சொல்லவே இல்லை கண்ணு. அவராப் பாத்துட்டாரு."

வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள் வான்மதி.

"விசாலாக்ஷி ஆன்ட்டிகிட்ட. லைன்ல வெயிட் பண்றப்ப. சாமி அப்ப வரவே இல்லையே."

வான்மதிக்குக் கானாவின் அக்ரா சந்தையில் துணி விற்கும் அட்வோவா நினைவுக்கு வந்தாள். பிள்ளையே பெறாத அட்வோவா, தன் மகனுக்குக் காய்ச்சல் என்று அந்த வானொலிப் போதகருக்குச் செய்தி அனுப்பினாள். போதகர் வானொலியில் அந்த மகனைக் கண்டார். சந்தையே சிரித்தது. ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

"ஒரே ஒரு பொய் சொல்லுங்க அண்ணி, வெயிட் பண்றப்ப. சாமி அதுல மாட்டலைன்னா நானே போன் பண்ணிக் கேன்சல் பண்றேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்குப் பார்த்து அந்த ஆள் வாய் திறக்காவிட்டால்?

சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்கு, தன் சித்தப்பா மாரிசாமி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்த கதையை விசாலாக்ஷி ஆன்ட்டியிடம் விம்மி விம்மிச் சொன்னாள் கண்மணி. ஒன்பதுக்கு டிங். அடிகள் வந்தார். யார் யாருக்கோ அருளினார். கடைசியாகக் குரல் கனத்தது.

"கண்மணி, உன் பரம்பரையில ஒருத்தர். மாரின்னு பேரு. தண்ணியில போனவர். ஈரத்துணியோட உன் பின்னால நிக்கிறார். உன் கழுத்தைப் புடிச்சிருக்கிறது அவர்தான்."

நாற்பது வீடுகளில் மூச்சு நின்றது. கண்மணியின் மூச்சு மட்டும் திரும்பி வந்தது.

"எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லீங்க சாமி. எங்க தோட்டத்துல கிணறும் இல்லீங்க, போர்வெல்தான். மாரிசாமிய நான் எட்டு அம்பதுக்குத்தான் பெத்தேன்."

டிங். அடிகள் விலகினார். அடுத்த நொடி இன்னொரு டிங்.

சேனாபதி அந்த இரண்டாவது ஒலியையே கேட்டுக்கொண்டு நின்றார். ஒருவர் விலக ஒரு டிங், இரண்டாவது யாருக்கு? மெல்ல ஸ்பீக்கரிலிருந்து மாலையைக் கழற்றினார்.

"ரெண்டு போன் வெச்சிருக்கான் அம்மிணி. ஒண்ணு எட்டரையிலிருந்தே மியூட்ல இருந்திருக்குது."

சாமி நம் பக்தியைச் சோதிக்கிறார் என்றது லைனில் ஒரு குரல். ஆம், சோதனைதான், தேர்வு எழுதியவர் அவர், தோற்றவரும் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் சேனாபதி. கட்டி எத்தகையது என்பதை இனி நுண்ணோக்கி சொல்லும். அதற்கு ஒட்டுக்கேட்கத் தெரியாது.

படித்த பெருமக்களே! அட்வோவாவைப் பார்த்து இரங்கியது போதும். அவளிடம் பாடம் கேளுங்கள். உங்கள் சாமிக்கும் இந்த வாரமே ஒரு மாரிசாமியைப் பெற்றுக் கொடுங்கள். அதற்கும் முன்பாக, அருள்வாக்கை நம்பி நீங்கள் ரத்துசெய்த மருத்துவ நாள் ஒன்று இருக்குமானால், அந்த மருத்துவமனையின் எண்ணை இப்போதே அழையுங்கள்.