தட்டாமாலை மாஸ்டர்

திருப்பூரில் உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாத ஒரே ஆத்மா எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர்தான். நின்றும் குடிக்க மாட்டார். டம்ளரோடு டேபிளைச் சுற்றுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. எங்களுக்கு அவர் தட்டாமாலை.

குழந்தைகள் கையை விரித்துக் கிறுகிறுவென்று சுற்றி விழுவார்களே, அதற்கு ஏன் தட்டாமாலை என்று பெயர்? இந்தக் கேள்வி எப்போதோ அவர் தலைக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் தங்கிவிட்டது. தட்டான் பூச்சி மாலையில் வட்டமடிப்பதால் என்பார். மறுநாள், யார் மேலும் தட்டாமல் மாலைபோல வளைய வருவதால் என்பார். அதற்கு மறுநாள் இரண்டும் தப்பு என்று அவரே சண்டைக்கு வருவார். சரக்கு வாங்க வந்த பையரிடம் கேட்டார். துக்க வீட்டில் கேட்டார். கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் பையன்களிடம் சுற்றிக் காட்டிக் கேட்டபோது, மயக்கம் என்று நினைத்துச் சோடா வாங்கி வந்தார்கள், பாவம்.

மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் இதனாலேயே கைநழுவின. பெருமாநல்லூரிலிருந்து அடுத்த வரன் வந்தபோது அவர் மனைவி என்னை வரவழைத்தார்.

"ஏனுங்கண்ணா, பக்கத்துலயே உக்காந்து அவரப் புடிச்சுக்குங்க. இதும் போச்சுன்னா எம்புள்ளைக்கு ஆகவே ஆகாதுங்க."

கேசரி வரை பிடித்து வைத்திருந்தேன். காப்பி வரும்போது மாப்பிள்ளையின் அப்பா, பஸ்ஸில் வந்தது தலை சுற்றுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். போதாதா? மாஸ்டர் என்னை உதறிவிட்டு எழுந்து, கேள்வியையும் கேட்டு, கூடத்தின் நடுவில் சுற்றியும் காட்டினார். காப்பித் தட்டும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கதவோரம் நின்ற மகளின் முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளைப் பையன் மட்டும் சிரிக்காமல் வந்து, அவர் முதுகைத் தாங்கி உட்கார வைத்தான்.

"கண்ண மூடாதீங்க மாமா. ஒரே எடத்தப் பாருங்க, நின்னுரும்."

பேசி முடித்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்த பிறகுதான் எங்கள் பக்கம் அந்த 'மாமா' வாயில் வரும். பையனின் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பறமென்னங்க, நாள் பார்த்தரலாமுங்க" என்றார். மாஸ்டரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எதுவும் விளங்காத ஒரே ஆள் மாஸ்டர். தரையில் இருந்தபடியே, "உங்கூருல அதுக்கு என்ன பேருங்க மாப்ள?" என்றார்.

இப்போது மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். தினமும் காலையில் போனில் புதுக் காரணம் ஒன்று வரும். நேற்று வரவில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் நானே கூப்பிட்டு, தட்டாமாலைன்னா என்னங்க மாஸ்டர் என்று கேட்டேன்.