ஒற்றை நட்சத்திரத் தாய்மாமன்

கூகுளில் "இராஜபாளையம் பேண்டேஜ்" என்று அடித்தால் மாரிக்கனி சர்ஜிக்கல்ஸ் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதற்கு மேலே, இராஜபாளையம் நாய்க்குக் காலில் அடிபட்டால் கட்டுப்போடுவது எப்படி என்று யாரோ எழுதிய கட்டுரை இருந்தது.

தங்கப்பாண்டியனுக்கு மூன்றாம் பக்கம்கூடப் பெரிதில்லை. நாய்க்குப் பின்னால் நிற்பதுதான் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து, அவில்தாராக ஊர் திரும்பி, ஆறு தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்கிற மனிதர் அவர். யூனிட்டுக்கு மனைவி பெயரை வைத்தால் வீட்டில் சண்டை குறையும் என்று நம்பி வைத்தார். குறையவில்லை.

"கொல்லத்துல ஒரு ஆஸ்பத்திரி, ஏழு கிளையாம். வருசம் பூராவும் துணி வேணுமாம். இருவது நாள்ல ஆள் வருது" என்று லாரி செட்டில் புக்கிங் எழுதும் சேதுபதி காலையில்தான் சொல்லியிருந்தார்.

"வரட்டும். நம்ம யூனிட்டக் காட்டி விடுங்க."

"காட்டுறதாவது. யார் சிபாரிசும் வேண்டாம்னுட்டாகளாம். கூகுள்ல மொதப் பக்கத்துல வாரவுகளுக்கு மட்டுந்தான் போனு."

தறிகளில் இரண்டு தீபாவளியிலிருந்து ஓடவில்லை. இந்த ஆர்டரும் வராவிட்டால், வேலை பார்க்கும் பதினோரு பெண்களில் நான்கு பேரை மாசக் கடைசியில் நிறுத்தியாக வேண்டும். அந்த நான்கு பேர் யார் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. பனிமலையில் காவல் நின்றவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈஸ்வரி முகத்தைப் பார்த்து "நாளையிலேருந்து வராத தாயி" என்று சொல்ல எந்தப் பட்டாளத்திலும் பயிற்சி கொடுப்பதில்லை.

உடனே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரியின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பத்திரிகை டிசைன், வெப்சைட் எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். மாரிக்கனி சர்ஜிக்கல்ஸின் வெப்சைட்டும் அந்த மேஜையில் பிறந்ததுதான்.

"மொதப் பக்கத்துக்கு வர என்ன செய்யணும்?"

"நெறையப் பேரு தேடி வந்து பாக்கணும் அண்ணாச்சி."

"எம்புட்டுப் பேரு?"

"அதுக்கெல்லாம் கணக்கு இல்ல. பொறுமையா..."

பொறுமை என்ற சொல் காதில் விழுவதற்குள் அவர் பைக்கைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினோரு பெண்களும் யூனிட் வாசலில் வரிசையாக நின்றார்கள். கையில் ஆளுக்கொரு போன்.

"எல்லாரும் தேடு. நம்ம பேரு வந்ததும் அமுக்கு. உள்ள போயி ஒரு நிமிசம் இரு. வெளிய வா. மறுபடி தேடு."

"எம்புட்டு நேரம் அண்ணாச்சி?" என்றாள் ஈஸ்வரி.

"டீ வர்ற வரைக்கும்."

மூன்றாம் நாள் அவரே தேடிப் பார்த்தார். முதல் பக்கம், முதல் வரி. சந்தோஷம் தாங்கவில்லை. பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டார்.

"என்னன்னு அடிச்சீக அண்ணாச்சி?"

"மாரிக்கனி சர்ஜிக்கல்ஸ்னு."

"ஒங்க வீட்டு வாசல்ல நின்னு ஒங்க வீட்டக் கண்டுபிடிச்சிருக்கீக. பேரு தெரியாதவன் எப்படித் தேடுவானோ அப்படிப் பாருங்க."

பார்த்தார். நான்காம் பக்கம்.

"ஒரே வைஃபைல பதினோரு போனு ஒரே நேரத்துல அமுக்குனா அது சந்தேகப்படாதா? இருந்த எடமும் போச்சு" என்றாள் பாண்டீஸ்வரி.

சரி, கூட்டத்தை வரவழைக்க வேறு வழி பார்ப்போம் என்று யோசித்தார். இந்தப் பக்கம் ஜனங்கள் எதைத்தான் அதிகமாகத் தேடுகிறார்கள்? செண்பகத்தோப்பு. லீவு விட்டால் போதும், அந்த மலையடிவார ஓடையில் குளிக்க மதுரையிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். அந்தப் பெயரை வெப்சைட்டில் நாலு இடத்தில் போட்டால் அந்தக் கூட்டம் நம் பக்கம் திரும்பாதா? "செண்பகத்தோப்பு அருகில் தரமான பேண்டேஜ்" என்று எழுதச் சொன்னார். பாண்டீஸ்வரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவில்தார் உத்தரவுக்கு மறுபேச்சு கிடையாது.

கூட்டம் திரும்பத்தான் செய்தது. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் போன்.

"சார், ஓடையில தண்ணி வருதா?"

"இது பேண்டேஜ் கம்பெனி."

"அது சரி சார். தண்ணி வருதா?"

மதியத்துக்குள் நாற்பது போன். ஃபாரஸ்ட் கேட் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், சமைக்க விடுவார்களா, யானை நடமாட்டம் உண்டா. ஒருவர் யானை மிதித்தால் பேண்டேஜ் இலவசமா என்று கேட்டார். நடுவில் திருநெல்வேலியிலிருந்து உண்மையாகவே துணி கேட்டுக் கூப்பிட்ட ஒரு மருந்துக்கடைக்காரரிடம் "தண்ணி இல்ல, வராதீக" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் தங்கப்பாண்டியன். விஷயம் புரிந்து திரும்பக் கூப்பிட்டபோது கடைக்காரர் எடுக்கவே இல்லை.

செண்பகத்தோப்பை அழித்துவிட்டு, பாண்டீஸ்வரியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீயே சொல்லு தாயி. கேக்கேன்."

"ரிவ்யூ வேணும் அண்ணாச்சி. ஒங்ககிட்டத் துணி வாங்குனவுக நாலு வார்த்தை எழுதி நட்சத்திரம் குடுக்கணும். அஞ்சு நட்சத்திரம்னா நல்லது. அதைப் பாத்துத்தான் மேல தூக்கும்."

"நம்மட்ட வாங்குறது ஆஸ்பத்திரியும் மெடிக்கலும். அவுக எங்க உக்காந்து எழுதப் போறாக?"

"கேட்டுப் பாருங்க."

கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். வாட்ஸப்பில் "ஏழு வீட்டுச் சொந்தங்கள்" என்று ஒரு குரூப். நூற்று அறுபது பேர். ஜம்முவில் இருக்கிறவன், அசாமில் இருக்கிறவன், ஆயுதப்படையில் இருக்கிறவன், ஊரில் பருத்தி போட்டிருக்கிறவன் எல்லாரும் அதில் அடக்கம். இவர் கொடுத்த பேண்டேஜ் சுருள் இல்லாத வீடு அந்த நூற்று அறுபதில் ஒன்றுகூடக் கிடையாது. மண்வெட்டி பட்டாலும் அதுதான், மாடு முட்டினாலும் அதுதான். அவர்கள் எழுதாமல் யார் எழுதுவார்கள்?

"அனைவரும் இன்று 1800 மணிக்குள் ரிவ்யூ போட்டுவிட்டு ரிப்போர்ட் செய்யவும்" என்று போட்டார்.

போட்டார்கள். சொந்தம் என்றால் சும்மாவா?

ஜம்முவிலிருந்து சின்னக்கருப்பன்: "மாமா கம்பெனி. ஜெய்ஹிந்த்." ஐந்து நட்சத்திரம். அசாமிலிருந்து விஜி: "சித்தப்பா, பங்குனிப் பொங்கலுக்கு லீவு கெடச்சிருச்சு." ஐந்து நட்சத்திரம். எழுதத் தெரியாத சண்முகத்தாய் அத்தை போனிடம் பேசியே போட்டிருந்தாள்: "நல்லாருக்கியா தம்பி ஏட்டி இது பதியுதா இல்லையா பாரு." அதுவும் ஐந்து.

இரண்டே நாளில் நாற்பத்தாறு ரிவ்யூ. இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டார். நாயைத் தாண்டிவிட்டார். அன்று மாரிக்கனியிடம் கேட்டு வாங்கி இரண்டாவது டம்ளர் காபி குடித்தார்.

மறுநாள் பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். "அண்ணாச்சி, சங்கிலிப்பாண்டிங்கிறது யாரு?"

"எங்க மூத்த மச்சான். மாரிக்கனியோட அண்ணன். வன்னியம்பட்டியில வெவசாயம். ஏன்?"

"ஒரு நட்சத்திரம் போட்டிருக்காரு. படிக்கட்டுமா?"

"படி."

"'தாய்மாமன் பேரைக் கல்யாணப் பத்திரிகையில நாலாவதாப் போட்ட கம்பெனி. மதிப்பு மரியாதை தெரியாத ஆளு. யாரும் போகாதீங்க.'"

தங்கப்பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டார். போன ஆவணியில் மகள் கல்யாணம். பத்திரிகையில் பெயர்களை வரிசைப்படுத்தும்போது பட்டாளத்துப் பழக்கத்தில் பதவி வாரியாக அடுக்கிவிட்டார். இளைய மச்சான் வல்லரசு போலீஸில் எஸ்.ஐ., அதனால் முதலில். அடுத்து ஒரு சுபேதார், ஒரு தாசில்தார் ஆபீஸ் கிளார்க். மூத்தவருக்குப் பதவி எதுவும் இல்லாததால் நாலாவது. தாய்மாமன் என்பதைவிடப் பெரிய பதவி எது என்று அன்றைக்கே மாரிக்கனி கேட்டாள். அச்சடித்தாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். மூத்தவர் அன்று பந்தியில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஏழு மாதமாக வாயைத் திறக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இப்போது இவரே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்.

"அதை அழிச்சிரு தாயி."

"அவுக போட்டத அவுகதான் எடுக்க முடியும்."

சாயங்காலத்துக்குள் வன்னியம்பட்டியே கிளம்பி வந்துவிட்டது. "மூத்தவரை மதிக்காத எடத்துல எங்களுக்கு என்ன வேலை? 1." "பந்தியில ரெண்டாவது தடவை கறி கேட்டதுக்குக் காது கேக்காத மாதிரி போனாரு. 1." "வழியனுப்பும்போது எங்க வீட்டுக்கு மட்டும் பழம் வைக்கல. 1." இராஜபாளையம் தரப்பு விடுமா? "ரெண்டு தடவை தின்னுட்டுத்தான் மூணாவது கேட்டீரு. 5." "பழம் வச்ச பையை நீங்கதான் பஸ்ஸுல மறந்தீக. 5."

மாரிக்கனி எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "எங்கண்ணன் எழுதுனதுல என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று ஒரு டம்ளர் காபிகூட வரவில்லை.

அடுத்த நாள் பாண்டீஸ்வரியின் குரலில் ஒரே குதூகலம். "அண்ணாச்சி, மொதப் பக்கம். மொத ஆளு நீங்கதான்."

"எப்படி?"

"இம்புட்டுப் பேரு வந்து மணிக்கணக்காப் படிக்காகல்ல? எனக்கே வேல ஓடல. கூகுளு இங்க என்னமோ விசேஷம்னு நெனச்சிருச்சு போல."

"நான் மறுபடி மூணாம் பக்கத்துக்குப் போகணும். அந்த நாய்க்குப் பின்னாலயே விட்டுரு தாயி."

"மேல வாரதுக்கு வழி கேட்டு வந்தவுகளத்தான் பாத்திருக்கேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

அவள் பேசி முடிக்கும் முன்பே இன்னொரு போன். கொல்லம் ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி. பெயர் வெங்கடேஸ்வரி. ஊர் செங்கோட்டை என்பதால் தமிழ் தண்ணீராக வந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொன்னார்.

"ஒங்க பக்கத்தைப் பாத்தேன்" என்றும் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரண்டு சீப்புப் பழமும் ஒரு வேட்டி துண்டும் வாங்கிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனார் தங்கப்பாண்டியன். சங்கிலிப்பாண்டி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு எம்பேருலதான் மச்சான். ஒங்க பேருதான் மொதல்ல வந்திருக்கணும்."

"இத ஏழு மாசத்துக்கு முன்னால சொல்லிருந்தா நான் ஏன் மாப்ள போனத் தொடப் போறேன்?" மூத்தவரின் கண் லேசாகக் கலங்கியது. பொறவு மூத்தவர் போனை எடுத்து, ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கினார்.

"இன்னும் ரெண்டு?"

"அது அடுத்த விசேஷத்துப் பத்திரிகையப் பாத்துட்டு."

அதோடு விட்டிருந்தால் புண்ணியம். கீழே ஒரு வரி சேர்த்தார்: "மாப்பிள்ளை நேரில் வந்து தப்பை ஒத்துக்கொண்டார்." பைக் வன்னியம்பட்டி விலக்கு ரோட்டைத் தாண்டுவதற்குள் இளையவன் வல்லரசு ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டான். "அப்ப எம்பேரு மேல இருந்தது தப்பா? ஸ்டேஷன் வேலைய விட்டுட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள் நாயா அலைஞ்சேன்" என்று ஆரம்பித்து, எஃப்.ஐ.ஆர். நீளத்துக்கு எழுதியிருந்தான். அவனுக்கு ஆதரவாகப் போலீஸ் குடியிருப்பே வரிசையில் வந்து நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ரிவ்யூ. அதில் ஐம்பத்தெட்டு ஒற்றை நட்சத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை வெங்கடேஸ்வரி மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத பெண்மணி. தறிகளைச் சுற்றி வந்தார். ஒரு சுருளைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பூதக்கண்ணாடி வைத்து நூல் எண்ணினார். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு அது முங்குகிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தார். பதினோரு பெண்களும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பேரை நிறுத்தும் விஷயம் ஈஸ்வரிக்குத் தெரிந்திருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தங்கப்பாண்டியனுக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"மேடம், அந்த ரிவ்யூவப் பத்தி..." என்று அவரே ஆரம்பித்தார். "நம்ம சொந்தக்காரங்கதான். நான்தான் எழுதச் சொன்னேன். புத்தி கெட்டுப்போயி சொன்னேன். அதை வச்சு இந்தப் பிள்ளைகளத் தள்ளிராதீக."

"நூத்திப் பன்னெண்டையும் படிச்சேன்" என்றார் மேடம். "ரயில்ல வரும்போது ரெண்டாவது தடவையும் படிச்சேன். பக்கத்து சீட்டு அம்மாவும் சேந்து படிச்சாக."

தங்கப்பாண்டியன் தரையைப் பார்த்தார்.

மேடம் பையைத் திறந்து ஆர்டர் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வருடம் முழுவதற்குமான ஆர்டர். கையெழுத்துப் போட்டிருந்தது. தேதி நேற்றையது.

"நேத்தே முடிவு பண்ணியாச்சா?" அவர் தேதியை மறுபடி பார்த்தார். "அதைப் படிச்சப் பொறவுமா?"

"அதைப் படிச்சதாலதான் அண்ணாச்சி" என்றார் மேடம். "ஐம்பத்தெட்டுப் பேரு ஒங்க மேல இம்புட்டு ஆத்திரத்துல எழுதியும், ஒருத்தருக்குக்கூட ஒங்க துணியில ஒரு குறை சொல்ல வரலியே."