இட்டேரிக்கு ஏற்ற வண்டி

வண்டியின் பின்சக்கரம் பாதிக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டது. சென்னகிருஷ்ணன் ஆக்சிலேட்டரை முறுக்கினார். மிச்சமும் இறங்கியது.

இரண்டு பக்கமும் கள்ளிவேலி. நடுவே, வாய்க்கால் தண்ணீர் கசிந்து வருஷம் முழுக்கக் குழம்பிக் கிடக்கும் இட்டேரிப் பாதை. அதன் கடைசியில் பொங்கியண்ணன் தோட்டம். அங்கே ஒரு சிந்து மாடு சினைப் பருவத்துக்கு வந்து விடியலிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கோபி வட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் அரசாங்க ஆள் சென்னகிருஷ்ணன்தான். வண்டியைப் பிடுங்கியெடுத்து அவர் போய்ச் சேர்ந்தபோது மாடு கத்தி முடித்துச் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"பருவம் போயிருச்சுங்க டாக்டரே," என்றார் பொங்கியண்ணன். "வாய்க்கா கசியறதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

அந்த வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது சென்னகிருஷ்ணனுக்கு.

வண்டி, மச்சினன் கோயமுத்தூரில் மண் பந்தயங்களில் ஓட்டிய பைக். நல்ல சாமான்களையெல்லாம் கழற்றி விற்றுவிட்டு, "இட்டேரிக்குன்னே பொறந்த வண்டிங்க மாமா" என்று மிச்சத்தை அவர் தலையில் கட்டிவிட்டான்.

அதைத் தேற்ற வேண்டும் என்றதும் மனைவி கீதா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, ஒரு சம்பளத்துக்கு ஒரு சாமான். அதுக்கு மேல நயா பைசா கெடையாது."

எந்தச் சாமான் உருப்படி என்று மெக்கானிக் ரசாக்கிடம் கேட்டார்.

"மொதல்ல டயருங்க சார். பல்லுப் பல்லா இருக்கறதாப் போட்டுத் தாரேன். மண்ணை அப்படியே கவ்விப் புடிக்கும்."

கவ்வியது. கவ்விய மண்ணை விடவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அப்பி முன்சக்கரம் நின்றுபோக, சென்னகிருஷ்ணன் மட்டும் நிற்காமல் போய்க் கள்ளிவேலியில் இறங்கினார். முள் எடுத்து முடிப்பதற்குள் மாட்டின் பருவம் முடிந்தது.

அடுத்த சம்பளத்தில் ரசாக் மட்கார்டை ஒரு சாண் உயரத்தில் ஏற்றிவைத்தார். சக்கரம் நன்றாகச் சுற்றியது. சேறு முழுக்க முகத்துக்கு வந்தது. கட்டுத்தரையில் நுழைந்த உருவத்தைக் கண்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைக்குள் ஓடியது. பொங்கியண்ணன் மனைவி வள்ளியாத்தாள் விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள்.

"அடக் கடவுளே, டாக்டருங்களா! பேசியிருக்கலாமுல்லங்க?"

"வாயிலயும் சேறுங்க," என்றார் துப்பிவிட்டு.

"வண்டியவே ஒசத்திப்போடலாமுங்க," என்றார் ரசாக், அதற்கடுத்த சம்பளத்தில். நீளமான ஷாக் அப்சார்பர் ஏறியது. சேற்றுக்கு மேலே வண்டி ஒட்டகம் மாதிரிப் போனது. நேரத்துக்கே வந்துவிட்டார். ஆனால் கால் தரைக்கு எட்டவில்லை. நிறுத்தினால் விழவேண்டும். கட்டுத்தரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நில்லுங்க டாக்டரே!"

"நிக்க முடியலீங்க! புடிங்க!"

பொங்கியண்ணன் பிடித்தார். இரண்டு பேரும் சாணிக்குழியில் விழுந்தார்கள். ஊசிப் பெட்டி அவர்களுக்கு அடியில் சிக்கி நசுங்கியது.

பிறகு ரசாக் சீட்டுப் பஞ்சை அறுத்தெடுத்தார். கால் எட்டியது. இடுப்புத்தான் போயிற்று. குப்புறப் படுத்திருந்தவருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கீதா சொன்னாள்:

"இதுக்கு ஒரு எருமைய வாங்கி ஏறிப் போயிருக்கலாமுங்க."

சென்னகிருஷ்ணனோ, மாட்டுக்கு அடுத்த பருவம் எப்போது வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை ஆள் வந்து கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

புதையவில்லை. விழவில்லை. முகத்தில் ஒரு துளி சேறில்லை. தோட்டத்தில் நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். இடுப்பு வலியிலும் சிரிப்பு வந்தது.

கட்டுத்தரை காலியாக இருந்தது.

"மாடு எங்கீங்க?"

வள்ளியாத்தாள் தயங்கினாள். "வித்துப்போட்டமுங்க."

சென்னகிருஷ்ணன் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குடும்பத்தின் ஒற்றை மாடு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் போதும்.

"என்னாலதானுங்க," என்றார். "நேரத்துக்கு வந்து ஊசி போட்டிருந்தா..."

"அட, நீங்க வேறங்க! மாட்டு மேல எங்களுக்கு ஒண்ணும் சலிப்பில்லீங்க," என்றாள் வள்ளியாத்தாள். "நீங்க படற பாட்டைத்தான் அவரால பாக்க முடியலீங்க. அதான் மாட்டை வித்துப்போட்டு, இனி ஊசி போடறதுக்கு உங்களை ஊட்டுல இருந்தே கூட்டியாரலாம்னு, இதே மாதிரி ஒரு வண்டி வாங்கப் போயிருக்காருங்க!"