லிஃப்ட் அத்தை

"அஞ்சாம் மாடி தையல்காரம்மாவும் காலி பண்றாங்களாமே?" போனில் முதலாளியின் குரல் இறுகியிருந்தது.

"ஆமாங்க. சொல்லிட்டாங்க."

"அது என்னய்யா கட்டடமா, சத்திரமா? ஒட்டுதலே இல்லாம வர்றாங்க, போறாங்க! வீடுன்னா அதுக்குன்னு ஒரு குணம் வேணும். ஜனங்க அதுமேல உசிரா இருக்கணும். இன்னும் ஒரு ஆள் போனா நீயும் கிளம்பிடு."

மேனேஜர் போனை வைத்தார். வேலை போனால் ஐந்தாம் மாடியில் அவருக்கென்று கொடுத்திருக்கும் வீடும் போகும். அதைவிடச் சங்கடம், மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டும். அவளிடம் அவர் எதையாவது சொல்லிப் பல காலம் ஆகிறது. பகலெல்லாம் கீழே ஊராரிடம் கத்திவிட்டு மேலே போனால் தட்டு, பிறகு தலையணை, அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் அவருக்கு 'கறார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி என்ன பெயர் வைத்திருந்தாளோ, அவர் கேட்டதில்லை.

கட்டடத்துக்குக் குணத்தை எங்கே போய் வாங்குவது? மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தபோது லிஃப்ட்டின் அவசர மணி அடித்தது. உள்ளே யாராவது அதை அழுத்தினால் அவர் மேஜை மைக்கிலிருந்து அவர்களோடு பேசலாம். வழக்கமாக "என்ன?" என்று எரிந்து விழுவார். அன்று என்ன தோன்றியதோ, தொண்டையைக் குறுக்கிக்கொண்டார்.

"யாரு கண்ணு? நான் இந்த வீட்டு அத்தை பேசறேன். சாப்பிட்டியா?"

லிஃப்ட் ஸ்பீக்கர் ஏற்கெனவே கரகரப்பு. அதில் எந்த ஆணும் அத்தையாகிவிடலாம். உள்ளே நின்றது தையல்காரம்மா.

"இன்னும் இல்ல அத்தை," என்றாள்.

மறுநாள் அவள் காலி பண்ணவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அத்தைக்கு அப்படி ஒரு மவுசு! மருமகள் சண்டை, மகனின் மார்க், தூக்கமின்மை, எல்லாம் லிஃப்ட்டுக்குள் வந்தன. இறங்க மனமில்லாமல் மேலும் கீழும் போனார்கள். காய்கறிப் பையோடு நின்றவர்களுக்கு லிஃப்ட் கிடைக்கவில்லை. சண்டை வந்தது.

மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். "அத்தைக்கு முட்டி வலிக்குது கண்ணு. ரொம்ப ஏத்தி இறக்காதீங்க."

அன்றோடு யாரும் லிஃப்ட்டில் ஏறவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் படிக்குப் படி உட்கார்ந்து நாலு மாடி ஏறினார். யாரோ லிஃப்ட் கதவில் வலி நிவாரணித் தைலம் தடவிவிட்டுப் போனார்கள். கட்டடமே மணத்தது.

ஆனாலும் தினம் மத்தியானம் ஒருமுறை மட்டும் லிஃப்ட் மணி அடிக்கும். எதிரே பேச்சே இருக்காது. மூச்சுச் சத்தம் கேட்கும். யாருக்கோ பெரிய மனக்கஷ்டம் என்று மேனேஜருக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. "பேச வேண்டாம் கண்ணு. சும்மா நில்லு. அத்தை இருக்கேன்ல? மொதல்ல போய் ஒரு வாய் சாப்பிடு," என்பார். அப்படிப் பேச அவருக்கு வருமென்று அவருக்கே தெரியாது.

மெக்கானிக் வந்து பார்த்தான். கம்பிவடம் தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்றான். வாத்தியார் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார்.

"வயசானவங்கமேல இரும்பால தட்டுவியா? மனுஷனா நீ?"

அவசரத்துக்கு அத்தை தலையிட்டாள். "தடுக்காதீங்க. சின்ன ஆபரேஷன்தான்."

கெட்டது குடி. சாயந்திரத்துக்குள் குடியிருந்தவர்களின் உள்ளூர் சொந்தமெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கீழ்க்கூடத்தில் குந்திவிட்டது. நாலு பேர் அழுதார்கள். மேனேஜர் நடந்ததை ஒப்புக்கொண்டதும் முதலாளி போனில் அலறினார்.

"சத்திரமா இருந்ததை ஆஸ்பத்திரி ஆக்கிட்டியேய்யா! இன்னிக்கே உண்மையைச் சொல்லித் தொலை!"

நிலவரம் கேட்க எல்லாருக்கும் முன்னால் மேனேஜர் அறைக்குள் நுழைந்தவள் தையல்காரம்மா. மேனேஜர் மைக்கை அவள் முன் தள்ளினார்.

"அத்தை நான்தாம்மா. வேலை போயிடும்னு பயந்து பண்ணிட்டேன். இனிமே அந்தக் குரல் கிடையாது. வெளியில வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என்ன திட்டணுமோ திட்டுங்க."

அவள் திட்டவில்லை. போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்ட வேணா சொல்லுங்க சார், உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தினம் மத்தியானம் பெட்டியும் கையுமா கிளம்பி லிஃப்ட்ல ஏறுறாங்க, அத்தை 'சாப்பிடு'ன்னு சொன்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்ப வீட்டுக்குள்ள போயிடறாங்க."