முட்டை மாமாவும் ஏழாவது தூணும்

முட்டையைக் கையால் தொடாமலே, அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்து, ‘முட்டை மாமா’ என்று பெயர் வாங்கிய மனிதர் மயிலாப்பூரில் ஒருவர்தான் உண்டு. மயிலாப்பூர் என்ன, உலகம் முழுக்கத் தேடிப் பாருங்கள், இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

பெயருக்குக் காரணம் எங்கள் சர்ச். ராயப்பேட்டைச் சந்தடிக்கு நடுவே ஸ்காட்லாந்துக்காரர்கள் எந்தக் காலத்திலோ கட்டிவிட்டுப் போன பிரஸ்பிடேரியன் ஆலயம். உள்ளே வட்டமான கூடம், மேலே நீல நிறத்தில் கும்மட்டம், அதைத் தாங்கப் பன்னிரண்டு வெள்ளைத் தூண்கள். சிலை, படம், ஜரிகை எதுவும் கிடையாது. பார்க்க இருப்பதெல்லாம் தூண்தான். அந்தத் தூண்களோ பளிங்கு மாதிரி மின்னும். ஆனால் பளிங்கு இல்லை, செங்கல்மேல் சுண்ணாம்புப் பூச்சு.

மாமா, மேஸ்திரிகளை விரட்டி வேலை வாங்கியே ஓய்வு பெற்ற அரசாங்க ஓவர்சியர். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தவர், தூணைப் பார்த்தார், தடவினார், அவ்வளவுதான், மனிதர் அதன் அழகில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு சனி, ஞாயிறு இரண்டு நாளும் நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு ஆஜர். யார் வந்தாலும் பிடித்து நிறுத்துவார்.

“இந்த மினுமினுப்பு எதனாலேங்கறேள்? முட்டை! வெள்ளைக்கரு!”

எங்கள் கும்மட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், சொன்னதைத் திருப்பிச் சொல்லும். ஒரு கல்யாணத்தில் போதகர் “அமைதியாக ஜெபிப்போம்” என்று கண்ணை மூடிய நேரத்தில் மாமா வாசலில் யாருக்கோ விளக்கம் சொல்லப்போக, மணமக்கள் தலைக்கு மேலே “முட்டை... முட்டை... முட்டை...” என்று இறங்கியது. அன்றிலிருந்து அதுவே பெயர்.

“உங்க கோயில்ல இல்லாத தூணா மாமா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“இருக்கு சாமு. எங்க பெருமாளே தூணைப் பிளந்துண்டு வந்தவர்தான். ஆனா எந்தத் தூண்லயும் இப்படி மூஞ்சி தெரியலையே!”

தூணில் யாரும் தலை சாய்க்கக்கூடாது என்பது மாமாவின் சட்டம். எண்ணெய்க் கறை படிந்துவிடுமாம். பிரசங்கத்தின்போது ஏழாவது தூணில் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் சபைச் செக்ரட்டரியையே தட்டி எழுப்பி, “நகருங்கோ, எண்ணெய்!” என்று சொன்ன ஆள். செக்ரட்டரி அதை மறக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் நட்சத்திரம் கட்டுகிறேன் பேர்வழி என்று நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏணி ஏழாவது தூணில் இடித்தது. தோசைக்கல் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பார்த்தது மாமா ஒருவர்தான். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

செக்ரட்டரிக்குக் கொண்டாட்டம். “இதான் சாக்கு. பன்னிரண்டு தூணுக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சிடுவோம். கலர்கூடப் பார்த்துட்டேன். ரோஸ்.”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ரோஸா? தூணுக்கா?” அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். எழுந்து கையைக் கூப்பி, “பழைய மாதிரியே நான் பூசித் தரேன்” என்றார்.

“கிறிஸ்துமசுக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் டைம். முகம் தெரியலைன்னா திங்கட்கிழமை பெயின்டர் வருவார்.”

மாமாவுக்குப் பூச்சு வேலை தெரியும். முட்டைதான் தெரியாது. நான் ஆபீஸ் போயிருந்த வெள்ளிக்கிழமை, பூக்கூடையில் ஒளித்து முட்டை கொண்டுவந்து, தனியாகவே காரியத்தில் இறங்கிவிட்டார். ‘வெள்ளைக்கரு’ என்று வாயால் சொல்லிவந்தாரே தவிர, உடைத்தால் உள்ளே இரண்டு நிறம் இருக்கும் என்பது அவருக்கு அதிர்ச்சி. கலக்கினால் எல்லாம் வெள்ளையாகிவிடும் என்று நம்பி மொத்தத்தையும் அடித்து ஊற்றிவிட்டார். பிடிமானத்துக்கு வெல்லம் வேறு, தாராளமாக.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது தூண், மஞ்சள் காப்பு சாத்திய மாதிரி நின்றது. அதன்மேல் எறும்பு ஊர்வலம். வழக்கம்போல் அதே தூணில் தலை சாய்த்த செக்ரட்டரி, பிரசங்கத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளிக் குதித்தார். பரவசத்தில் குதிக்கும் சபைகள் உண்டு. எங்கள் சபையில் தும்முவதற்கே யோசிப்போம். முன்வரிசை மூப்பர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் மாமாவை வாசலில் ஆம்லெட் வண்டி வைத்திருக்கும் கஸ்தூரி அக்காவிடம் இழுத்துப் போனேன்.

“இன்னா நைனா, மஞ்சக்கருவையும் சேத்தா அடிச்ச? அது பூச்சு இல்ல, ஆம்லெட்டு!” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு முட்டையை உடைத்து, இரண்டு ஓட்டுக்குள்ளும் மாற்றி மாற்றி ஊற்றி, வெள்ளையை மட்டும் கிண்ணத்தில் இறக்கினாள். “வெள்ளை உனுக்கு, மஞ்ச எனுக்கு. தெனம் வா.”

அந்த வாரம் ராயப்பேட்டையில் ஆம்லெட் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வெறும் மஞ்சள்தான் கிடைத்தது. மாமா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டே சுண்ணாம்பில் வெள்ளைக்கருவைக் குழைத்தார். பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூசி, கூழாங்கல்லால் நாள் முழுக்கத் தேய்த்தார். உள்ளங்கை கொப்பளித்துப்போனது. சாயங்காலம் சர்ச் குழாயடியில் மூன்று தடவை குளித்துவிட்டுத்தான் மயிலாப்பூருக்கு பஸ் ஏறுவார்.

“மாமிகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?”

“தூணுக்கு அபிஷேகம் நடந்துண்டிருக்குன்னு சொல்லியிருக்கேன். பொய்யில்லையே!”

சனிக்கிழமை செக்ரட்டரி பெயின்ட் அட்டையோடு வந்தார். குற்றம் கண்டுபிடிக்கவே குனிந்தார். தூணில் அவர் முகம் தெரிந்தது. டை கோணலாக இருந்ததும் தெரிந்தது. டையை நேராக்கினார். பல்லைக் காட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, சாவகாசமாக வகிடு எடுத்து வாரினார். மாமாவின் கண் அந்தச் சீப்பிலேயே இருந்தது. சீப்பை உள்ளே வைத்துவிட்டு, “சரி, பெயின்ட் வேணாம்” என்றார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய மாமா சொன்னது: “கொஞ்சம் தள்ளி நின்னு வாருங்கோ. எண்ணெய்!”

இப்போது மாமா பெருங்குடியில் மகன் வீட்டில், பதினான்காவது மாடியில். முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் வரும். “சாமு, யாராவது தலை சாய்ச்சாளா?”

“ஒருத்தர்கூட இல்ல மாமா.”

பொய்யில்லை. ஆராதனை முழுக்க ஏழாவது தூண் பக்கத்தில் நான்தான் காவல் நிற்கிறேன், யாராவது சாயப்போனால் “எண்ணெய்!” என்கிறேன். பாடகர் குழுப் பெண்கள் எனக்கு ‘முட்டை அங்கிள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கோபப்படலாமா என்று யோசித்தேன். பிறகு, அது மாமாவின் பெயராயிற்றே என்று வைத்துக்கொண்டேன்.