மாமா அனுப்பிய மூன்று பம்புகள்

பெருமதிப்பிற்கும் பெருங்கோபத்திற்கும் உரிய தாய்மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வாலு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, பம்பு எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது! இங்கே யாரும் சுகமில்லை. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களைத் திட்டினால் "என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லு" என்பீர்கள், நானும் சத்தமாகச் சொல்வேன், மேலே தூங்குகிற அம்மா எழுந்துவிடுவாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அதனால் எழுத்தில் திட்டுகிறேன். இரண்டு முறை படிக்கவும்.

இரண்டு வருஷமாக நானும் அப்பாவும் கொட்டகையில் அந்தப் பழைய இரண்டு கதவு காரின் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்ததும், எட்டு வால்வையும் என் கையாலேயே தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்ததும், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு பெரிய கார்புரேட்டர் ஏறியதும், அடுத்த மாதம் மலைப்பாதைப் போட்டியில் அப்பா ஓட்ட, பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து வளைவுகளை வாசிக்கப் போவதும் உங்களுக்குத் தெரியும். வளைவுக் குறிப்பேடு முழுக்க எனக்கு மனப்பாடம். இயற்பியல் இன்னும் இல்லை. இவ்வளவு பசிக்கிற இன்ஜினுக்குப் பழைய பம்பு ஊட்டும் பெட்ரோல் பற்றவில்லை, வேகமெடுத்தால் மூச்சுத் திணறுகிறது, மின்சார பம்பு வேண்டும், அதுவும் வாயைத் திறக்காத பம்பு வேண்டும் என்று அப்பா உங்களிடம் கேட்டார். ஏன் என்றும் சொன்னார். உங்கள் அக்காவுக்கு ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் ராத்திரி வேலை. தூக்கம் காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை. படுக்கையறை கொட்டகைக்கு நேர் மேலே. இன்ஜினை அவள் எழுந்த பிறகுதான் போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் சரிபார்க்கப் பகலில் பம்பை மட்டும் ஓடவிட்டாக வேண்டும், அப்பாவுக்கு மதியம்தான் ஓய்வு. இதில் புரியாதது எது மாமா? ரேஸ் டீமின் தலைமை மெக்கானிக் நீங்கள். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உங்கள் மேல் வைத்த நம்பிக்கையை அப்பா என் மார்க் மேல் ஒரு நாளும் வைத்ததில்லை.

முதல் பம்பு வந்தது. டப்பா மேல் உங்கள் கையெழுத்தில் 'சத்தமே இருக்காது'. அப்பா அதை டிக்கித் தரையில் நாலு போல்ட் போட்டு இறுக்கி, டாஷ்போர்டுக்கு அடியில் தனி சுவிட்ச் வைத்து, தட்டினார். டக் டக் டக் டக். தகர டின்னுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல. நான் சும்மா இருப்பேனா, கொட்டகைக் கதவில் 'உள்ளே மரங்கொத்தி முட்டையிட்டிருக்கிறது, அமைதி காக்கவும்' என்று அட்டை தொங்கவிட்டேன். தெருக்கோடியில் இருக்கும் பறவை பார்க்கிறவர் பைனாகுலரோடு வந்து அரை மணி நேரம் வாசலில் குந்தியிருந்தார். "சிவப்புக் கொண்டையா, மஞ்சளா பாப்பா?" "ஸ்டீல் கொண்டை சார்." அதற்குள் மாடி ஜன்னல் திறந்தது. "ஏங்க, என் மண்டைக்குள்ள யாரு ஆணி அடிக்கிறது?" ஆஸ்பத்திரியில் ஊரார் காதைச் சோதிப்பதே வேலையான அப்பா, சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து பிடித்தார். "நம்ம பிரிட்ஜை விட ஏழு டெசிபல்தாம்மா ஜாஸ்தி." "பிரிட்ஜை யாரும் என் கட்டிலுக்கு அடியில வைக்கலீங்க."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது, கவனியுங்கள்: பம்பை அணைத்தோமா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் காரைத் திறந்து பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் ஓடுகிறது, கேட்காவிட்டால் அணைத்தாயிற்று. சாப்பிடும்போது "டக்" என்றால் போதும், அப்பா கையைக்கூட கழுவாமல் ஓடுவார்.

இரண்டாவது பம்பு. மறுபடி 'சத்தமே இருக்காது'. இது டக் டக் இல்லை, சரி. வீஈஈஈங்! அம்மா தூக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வேட்டைநாய் போல மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "என் கிளினிக் மெஷின் சத்தம் மாதிரியே இருக்கே, யாரு இங்க பல்லு தோண்டறது?" என்று உள்ளே நுழைந்தவர் காரைப் பார்த்தார். வாயைப் பிளந்தார். மூடவில்லை. அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனிதர், தன் வாயை மறந்துவிட்டார். "சார், இதை எனக்குக் குடுத்துருங்களேன்" என்று அன்று ஆரம்பித்ததுதான். நாளுக்கு இரண்டு வேளை வருகிறார், பல் தேய்ப்பது மாதிரி. வரவழைத்தது யார் மாமா? உங்கள் பம்பு!

அதே வாரம் அம்மா வேலையில் கண் அசந்துவிட்டாள். ஒரு சரக்கு வண்டி சிக்னலுக்காகப் பன்னிரண்டு நிமிஷம் வெட்டவெளியில் நின்றதாம். எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்தக் காகிதத்தை அம்மா எங்கள் யாரிடமும் காட்டவில்லை. கொட்டகைக் கதவில் என் மரங்கொத்தி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதற்குப் பிறகு நான் எந்தக் கிண்டலும் செய்யவில்லை. அப்பா மட்டும் உங்களுக்குக் கடைசியாக ஒரு போன் போட்டார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாவது பம்பை அனுப்பி, கூடவே வீடியோ. நீங்கள் பந்தயத் தடத்தின் ஓரம் நின்று, அந்தப் பம்பை ஓடவிட்டு, "பாருங்க மச்சான், சத்தமே இல்ல" என்று கட்டைவிரல் காட்டுகிறீர்கள். மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது முறைதான் நான் உங்கள் காதைப் பார்த்தேன். இரண்டு காதிலும் தேங்காய் மூடி அளவுக்குக் காதுமூடி! பின்னால் எட்டு ரேஸ் கார் கிழித்துக்கொண்டு போகிறது! மாமா, அங்கே யானை பிளிறினாலும் 'சத்தமே இல்ல'தான். மூன்று பம்பையும் இப்படித்தானே சோதித்தீர்கள்? காதை அடைத்துக்கொண்டு எங்கள் காதுக்குப் பம்பு வாங்கியிருக்கிறீர்கள்!

அப்பா நல்லவர். "பரவால்ல, போட்டுப் பாப்போம்" என்றார். மூன்றாவது பம்பு உண்மையிலேயே அதிகம் கத்தவில்லை. ஆனால் அது புதுக் கார்களின் இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கானது. கார்புரேட்டருக்கு நாலு பவுண்டு அழுத்தம் தாராளம். உங்கள் பம்பு ஐம்பது பவுண்டில் பீய்ச்சியது. இரண்டு கார்புரேட்டரும் பால் பொங்குவது போலப் பொங்கி, கொட்டகைத் தரை முழுக்கப் பெட்ரோல். அப்பா சுவிட்சை அணைத்தார், நான் கதவுகளைத் திறந்து மண்ணை வாரிக் கொட்டினேன். வாசனையில் எழுந்து வந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டரை வரச் சொல்லுங்க. வண்டி போகட்டும்" என்றாள். அப்பா தலையாட்டினார். டாக்டரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். அப்பா வாக்குக் கொடுத்தால் அதை ஸ்பானர் போட்டுக்கூடக் கழற்ற முடியாது.

அடுத்த நாள் காலை உங்கள் மூன்று பம்பையும் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு நானே பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "யாரும்மா இதையெல்லாம் வாங்கிக் கொடுத்தது, உங்க வீட்டுக்கு ஆகாதவங்களா?" என்றார். "தாய்மாமா" என்றேன். "அதானே." பிறகு நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விகளைக் கேட்டார். கார்புரேட்டருக்கு எவ்வளவு அழுத்தம், முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், பம்பை எங்கே மாட்டினீர்கள், மேலே யார் தூங்குகிறார்கள். "டிக்கித் தகட்டுல நேரா போல்ட் போட்டா எந்தப் பம்பும் கத்தத்தான் செய்யும். டேங்குக்குள்ளயே இறங்குற பம்பு இருக்கு. பெட்ரோல்ல முங்கிக் கிடக்கும். அது கத்துனாலும் பெட்ரோலுக்கு மட்டும்தான் கேக்கும்." அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போக ஒரு குழாய். உங்கள் மூன்றையும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்.

நேற்று பொருத்தினோம். இன்று மதியம் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டேங்கில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுதா வாலு?" கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் அளவெடுத்த மாதிரி நிற்கிறது, ஓடுகிறது. மீட்டரைப் பிடித்தார், முள் அசையவில்லை. அம்மா ஐந்து மணி வரை தூங்கினாள். ஆனால் என்ன பிரயோஜனம்? வாக்கு கொடுத்தாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு, நான் தேய்த்த எட்டு வால்வும் எதிர்வீட்டுக்குப் போகிறது. அப்பா இப்போது காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்த இடத்தையே துடைக்கிறார்.

ஆகவே மாமா, கடிதம் கண்டதும் கிளம்பி வந்து, அப்பா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவும். வராவிட்டால் இந்த ஜென்மத்தில் உங்களோடு டூ. அத்தைக்கு என் அன்பு முழுவதும். உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும் அக்கா மகள்

பின்குறிப்பு (சனிக்கிழமை, கவரை ஒட்டுவதற்குள்): வர வேண்டாம். மேலே எழுதியதில் அத்தைக்கு அன்பு தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடவும். சரியாக எட்டு மணிக்கு டாக்டர் வந்து சாவியைத் திருப்பினார். கார் கிளிக்கென்றுகூடச் சொல்லவில்லை. பாட்டரி சுத்தமாகக் காலி. நாலு தடவை திருப்பினார். "வேரே செத்துப்போச்சு சார், இது எனக்கு வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் வாக்கு உடையவில்லை. அப்புறம் அப்பா மெல்ல டாஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு, பம்பு சுவிட்சைத் தடவினார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுக் கீழே போனவள், அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன் மாமா. உங்கள் பம்பில் எதுவாக இருந்தாலும் அப்பா கை கழுவாமல் ஓடி வந்திருப்பார். இந்தப் புதுப் பம்பு பாட்டரியைக் குடித்து விடிய விடிய ஓடியும் ஒரு காதுக்கும் எட்டவில்லை. காரைக் கண்ணால் வழியனுப்பிவிட்டுத்தான் படுப்பேன் என்று வாசலில் நின்ற அம்மா, பாட்டரி சார்ஜரைக் காட்டி, "இது சத்தம் போடுமா?" என்றாள். "போடாதும்மா." "அப்ப மாட்டுங்க. நேத்து நல்லாத் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். அடுத்த மாதம் மலைப்பாதைக்குக் கட்டாயம் வாருங்கள். அந்தக் காதுமூடியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நான் வளைவு வாசிப்பது உங்களுக்குக் கேட்க வேண்டும்.